என் முகம் தெரிந்த காக்கை

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியில் ஒரு காலி ஹேங்கர் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கம்பி ஹேங்கர். ஒரு காக்கை அதன் அடிப்பக்கத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. ஈரத்துணி வாளியோடு படியேறி வந்த நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். காக்கை இழுத்தால் கொடியும் கூடவே வந்தது. விட்டால் ஹேங்கர் பழைய இடத்துக்கே போய் ஆடியது. மூன்று முறை இழுத்துப் பார்த்தது. நான்காவது முறை இழுக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் ஹேங்கரை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. அப்புறம் பறந்து வந்து கொடியின் மேலேயே உட்கார்ந்தது. கொடி ஊஞ்சல் மாதிரி ஆடியது. சிறகை விரித்துச் சமாளித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து கொக்கி மாட்டியிருந்த இடத்துக்கு வந்தது. வளைவுக்குள் அலகை நுழைத்து மேல்நோக்கித் தூக்கியது. ஹேங்கர் கழன்று வந்தது. தன் உடம்பைவிடப் பெரிய அந்தக் கம்பி முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த மரத்துக்குப் பறந்துவிட்டது.

இதெல்லாம் நடக்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. துணி காயப்போட மறந்து அங்கேயே நின்றிருந்தேன். சிறு வயதிலிருந்து காக்கைகளைப் பார்த்து வருகிறேன். ஒரு காக்கையைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் வருவது அதே காக்கைதானா என்று எப்படித் தெரியும்? ஆண் எது, பெண் எது என்பதையே காக்கையின் வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் காக்கைக்கு இடது காலில் வெளிப்பக்க விரல் மடங்காது. எப்போதோ அடிபட்டு ஆறியிருக்க வேண்டும். சுவரில் உட்காரும்போது மற்ற விரல்கள் விளிம்பைப் பிடித்திருக்கும், அந்த ஒரு விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரலை வைத்துத்தான் நான் அதை அடையாளம் கண்டுகொண்டேன். அதற்கு என்னை அடையாளம் காண அப்படி எந்தக் குறையும் தேவைப்படவில்லை என்பது பல மாதங்களுக்குப் பிறகு புரிந்தது.

பழக வேண்டும் என்று முடிவு செய்தேன். கைப்பிடிச் சுவரின் தூரத்து மூலையில், தோலோடு இருக்கும் வேர்க்கடலை ஐந்து வைப்பேன். தினமும் காலை ஒரே நேரம், ஒரே இடம். வைக்கும் முன் கடலை டப்பாவை விரலால் இரண்டு தட்டு தட்டுவேன். முதல் நாட்களில் நான் கீழே இறங்கி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் அது வந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்ப்பேன். இடுக்கில் நான் இருப்பது தெரிந்துவிட்டால் வராது. எப்படித் தெரிந்தது என்று எனக்கே தெரியாது. மூன்றாவது வாரம், கதவு திறந்திருக்கும்போதே வந்தது. இரண்டாவது மாதம், நான் மாடியின் மறுகோடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

அவசரப்படாதீர்கள் என்று பலர் சொல்வார்கள். அவசரப்படாமல் இருப்பது மட்டும் போதாது என்பது என் அனுபவம். பார்வையையும் அடக்க வேண்டும். நான் நேருக்கு நேர் பார்த்தால் அது உடனே பின்வாங்கும். முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தால் இருக்கும். கைபேசியைத் தூக்கினால் போயே போய்விடும். கையில் எதையோ உயர்த்திக் குறி பார்க்கிற உருவம் அதற்கு நல்ல செய்தியாக இருந்திருக்க முடியாது. அதனால் என்னிடம் அந்தக் காக்கையின் படம் ஒன்றுகூடச் சரியாக இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இந்தப் பார்வை விஷயம் என் கற்பனையோ என்று ஆரம்பத்தில் சந்தேகம் இருந்தது. ஜாக்டா என்ற சிறிய காக்கை இனத்தை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. முன்பின் தெரியாத ஒருவர் உணவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பறவைகள் உணவை எடுக்கக் கூடுதல் நேரம் தயங்கின. பழகிய ஆள் பார்த்தால் அந்தத் தயக்கம் இல்லை. கண் எங்கே போகிறது என்பதையும், அது யாருடைய கண் என்பதையும் சேர்த்தே அவை கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. இதைப் படித்த பிறகு முக்காலியை இன்னும் கொஞ்சம் ஓரமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து எங்களுக்கு இடையே ஆறடி தூரம் இருந்தது. அந்தத் தூரத்தில்தான் காக்கை கறுப்பு இல்லை என்று தெரிந்தது. வெயில் சாய்வாக விழும்போது முதுகில் நீலம் ஓடும், சிறகு மடிப்பில் கத்தரிப்பூ நிறம் மின்னும். கழுத்து சாம்பல். கண் இமைக்கும்போது, மேலும் கீழும் மூடுகிற இமையைத் தவிர, உள்ளிருந்து ஒரு வெளிறிய திரை பக்கவாட்டில் ஓடிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறையும். அது ஒரு நொடிகூட இருக்காது. முதல் தடவை பார்த்தபோது அதன் கண்ணில் ஏதோ நோய் என்று பயந்துவிட்டேன்.

கடலை எடுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். வந்தவுடன் கைக்கு, அதாவது அலகுக்கு, கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடாது. ஒன்றை எடுக்கும், கீழே வைக்கும், இன்னொன்றை எடுக்கும். எடை பார்க்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு நாள் உள்ளே பருப்பு இல்லாத வெறும் தோலை ஒட்டி வைத்து, நல்ல கடலைகளோடு கலந்து வைத்தேன். அதைத் தூக்கிய உடனே கீழே போட்டது, திரும்பத் தொடவில்லை. பிறகு அப்படி ஏமாற்றிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல கடலை கிடைத்தால் முதலாவதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொள்ளும். நாக்குக்கு அடியில் அதற்கு ஒரு பை இருக்கிறது; தாடைக்குக் கீழே வீங்கினாற்போல் தெரியும். அப்புறம் இரண்டாவதை அலகு நுனியில் கவ்விக்கொண்டு கிளம்பும்.

கிளம்பி வெகுதூரம் போகாது. மாடியிலேயே இருக்கும் பூந்தொட்டிகளில் ஒன்றில் மண்ணைக் கிளறி, கடலையைச் செருகி, பக்கத்தில் கிடக்கும் காய்ந்த இலையைக் கொண்டுவந்து மேலே வைக்கும். ஒரு தட்டு தட்டும். இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கும். திருப்தி இல்லை என்றால் இன்னொரு இலை. ஒரு நாள் இது நடக்கும்போது வேறொரு காக்கை தண்ணீர்த் தொட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது. உடனே நம் ஆள் புதைத்ததைத் தோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. பிறகு வேறு தொட்டிக்குப் போய் மண்ணைக் கிளறி, அலகை உள்ளே விட்டு, இலையை வைத்து மூடியது. அது போன பிறகு, வந்த காக்கை நேராக அந்தத் தொட்டிக்குப் போய்க் கிளறியது. ஒன்றும் இல்லை. அதோடு சேர்ந்து நானும்தான் ஏமாந்திருந்தேன்.

வியன்னா பல்கலைக்கழகத்தில் ரேவன் என்ற பெரிய காக்கை இனத்தை வைத்துச் செய்த ஒரு சோதனை 2016-ல் வெளியானது. இரண்டு அறைகள், நடுவே ஒரு சிறிய எட்டிப்பார்க்கும் துளை. துளை வழியாக எட்டிப் பார்த்தால் அடுத்த அறை தெரியும் என்பதை முதலில் பறவை தானே பார்த்துத் தெரிந்துகொள்கிறது. பிறகு அது உணவை ஒளிக்கும்போது, துளையைத் திறந்து வைத்து, அடுத்த அறையிலிருந்து இன்னொரு ரேவனின் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் கேட்க வைத்தார்கள். அங்கே உண்மையில் யாரும் இல்லை. ஆனாலும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல அவசரமாக ஒளித்துவிட்டு, மறைவிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாமல் இருந்தது. துளை மூடியிருந்தபோது குரல் கேட்டும் அப்படிச் செய்யவில்லை. ‘நான் இதன் வழியாகப் பார்த்தேன், ஆகவே இன்னொருவரும் பார்க்கலாம்’ என்பது சாதாரண யோசனை இல்லை.

ஹேங்கர் காட்சி மனதில் இருந்ததால், காக்கையும் கம்பியும் பற்றித் தேடிப் படித்தேன். நியூ கலிடோனியா என்ற பசிபிக் தீவில் வாழும் ஒரு காக்கை இனம் குச்சியிலும் தாழை இன இலையிலும் கொக்கியும் கருவியும் செய்து, மரப்பொந்துக்குள் இருக்கும் புழுக்களைக் கிளறி எடுக்கிறது. கேவின் ஹன்ட் என்ற ஆய்வாளர் இதை 1996-ல் எழுதினார். அந்த இனத்தைச் சேர்ந்த பெட்டி என்ற பெண் காக்கை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது. செங்குத்தான குழாயின் அடியில் கைப்பிடி வைத்த ஒரு குட்டி வாளி, அதில் இறைச்சித் துண்டு. கொக்கிக் கம்பியை ஜோடிக் காக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது, மீதி இருந்தது நேர்க்கம்பி மட்டும். பெட்டி அந்தக் கம்பியின் ஒரு நுனியை இடுக்கில் செருகி, மறுமுனையை அலகால் வளைத்து, தானே கொக்கி செய்து வாளியைத் தூக்கிவிட்டது. பிறகு சோதித்தபோது 10 முறையில் 9 முறை அப்படிச் செய்தது. 2002-ல் இது வெளியானதும் உலகமே வியந்தது.

2016-ல் இதற்கு ஒரு பின்குறிப்பு வந்தது. அந்த இனத்துக் காட்டுக் காக்கைகள் குச்சியையும் இயல்பாகவே வளைத்துப் பயன்படுத்துகின்றன என்று கண்டார்கள். அப்படியானால் பெட்டி செய்தது நொடியில் உதித்த கண்டுபிடிப்பாக இல்லாமல், தன் இனத்தின் பழைய கைவேலையாக இருக்கலாம். பெட்டியின் பெருமை இதனால் குறைந்தது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரக்குச்சிக்குப் பழகிய வேலையை, காட்டிலேயே இல்லாத உலோகக் கம்பிக்குப் பொருத்திப் பார்த்ததே.

பானையில் கல் போட்டுத் தண்ணீரை மேலே கொண்டுவந்த காக்கைக் கதை நம் எல்லாருக்கும் தெரியும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009-ல் கேம்பிரிட்ஜில் ரூக் என்ற காக்கை இனம் குழாயில் கற்களைப் போட்டு, மிதந்துகொண்டிருந்த புழுவை எட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்தது. 2014-ல் நியூ கலிடோனியக் காக்கைகள் மிதக்கும் பொருளை விட்டுவிட்டு மூழ்கும் பொருளையே தேர்ந்தெடுத்தன. மணல் நிரம்பிய குழாயை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போயின. ஆனால் ஒரு குழாயில் கல் போட்டால், மறைவாக இணைந்திருக்கும் இன்னொரு குழாயில் தண்ணீர் ஏறும் என்ற அமைப்பில் அவை தோற்றுவிட்டன.

அந்தத் தோல்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘காக்கைக்கு ஏழு வயதுக் குழந்தையின் அறிவு’ என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. ஏழு வயதுக் குழந்தையால் பூந்தொட்டியில் ஒளித்த கடலைகளின் இடத்தை எல்லாம் வாரக்கணக்கில் நினைவில் வைக்க முடியுமா? யார் தன்னைப் பார்த்தார் என்பதை நொடியில் எடைபோட முடியுமா? காக்கையின் அறிவு காக்கையின் பிழைப்புக்கு வேண்டிய அறிவு. நம் குழந்தையை அளவுகோலாக வைத்தால் பாதி தெரியாமலே போகும்.

இவ்வளவும் ஒரு சின்னத் தலைக்குள் நடக்கிறது. ரேவனின் மூளை சுமார் 14 கிராம். அதில் 200 கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 120 கோடி சிந்தனைக்கு உதவும் முன்மூளைப் பகுதியில் நெருக்கி அடைத்திருப்பதாகவும் 2016-ல் எண்ணிச் சொன்னார்கள். பறவைகளும் பாலூட்டிகளும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து சுமார் 32 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் மூளையில் அடுக்கடுக்காக இருக்கும் புறணி அதற்கு இல்லை. வேறு பாதையில் நடந்து அதே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, என் காக்கைக்கு வருகிறேன்.

ஏழு மாதம் ஆகியிருந்தது. ஹேங்கர் போன மரத்தில் கூடு இருந்தது, கூட்டில் குஞ்சுகள் வந்திருந்தன. அம்மா அதற்குள் காக்கையை வீட்டு ஆளாகவே ஆக்கிவிட்டார். “உன் சிநேகிதன் வந்தாச்சு, மேலே போ” என்று காலையில் குரல் கொடுப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்வதைக் கண்ணால் பார்த்தேன்: கடலையை வாயில் வைத்து நன்றாக நொறுக்கி, கூட்டுக்குப் போகும், வரும், போகும், வரும்.

ஒரு நாள் சாயங்காலம் நான் வெளியே போய்விட்டு வரும்போது, வாசலருகே தரையில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. இறகு முளைத்திருந்தது, வால் மட்டும் குட்டை. வாயைத் திறந்தால் உள்ளே செக்கச் சிவப்பு. நான்கடி தள்ளி நின்றிருந்த வண்டிக்கு அடியில் ஒரு பூனை. நான் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் குஞ்சை அள்ளினேன்.

அது ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். தலைக்கு மேலே மரம் வெடித்த மாதிரி இருந்தது. சாதாரணமாகக் கரையும் குரல் இல்லை. கரகரப்பான, குட்டையான, நிறுத்தாமல் அடிக்கிற குரல். இரண்டு காக்கைகள் ஐந்தாகி, ஐந்து பன்னிரண்டாகி, அதற்கு மேல் எண்ணவில்லை. ஒரு சிறகு என் காதை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று உச்சந்தலையில் கொத்தியது. குஞ்சைத் தாழ்வான கிளையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். மதில்மேல், ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்க, என் சிநேகிதன் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், காக்கைக் குஞ்சுகள் சரியாகப் பறக்க வரும் முன்பே கூட்டைவிட்டு வெளியே வந்துவிடும். சில நாட்கள் தரையிலும் தாழ்ந்த கிளைகளிலும் இருக்கும். அநாதையாகத் தெரியும், ஆனால் பெற்றவை இரண்டும் மேலேயே இருந்து ஊட்டிக்கொண்டிருக்கும். நான் செய்ய வேண்டியது பூனையை விரட்டுவது மட்டும்தான். குஞ்சு பிழைத்துக்கொண்டது. நட்புதான் போய்விட்டது.

மறுநாள் காலை டப்பாவைத் தட்டினேன். வந்தது. கடலைக்கு வரவில்லை. தண்ணீர்த் தொட்டி மேலே நின்று, உடம்பை முன்னால் சாய்த்து, வாலை விரித்து, என் முகத்தைப் பார்த்துத் திட்டியது. வேறு வார்த்தை இல்லை, திட்டுதான். பக்கத்து மரங்களிலிருந்து மற்றவையும் சேர்ந்துகொண்டன. நான் இறங்கிய பிறகும் கடலை அப்படியே இருந்தது. சட்டையை மாற்றிப் பார்த்தேன், தொப்பி போட்டுப் பார்த்தேன், பயனில்லை. ஐந்தாம் நாள் அம்மா மேலே போய் அதே டப்பாவைத் தட்டி, அதே இடத்தில் வைத்தார். அவர் நிற்கும்போதே வந்து எடுத்துக்கொண்டு போனது. அம்மா கீழே வந்து, “அவனுக்கு என்மேல ஒரு கோபமும் இல்லை. நீ கொஞ்ச நாள் மேலே வராதே” என்றார். அன்று எனக்கு வந்த அழுகையை இப்போது நினைத்தாலும் நியாயம் என்றே தோன்றுகிறது.

அதைவிட மோசமானது, இரண்டு தெரு தள்ளி நடந்து போகும்போது ஒரு கம்பத்தின் மேலிருந்து வேறு ஒரு காக்கை என்னைத் திட்டியது. அதன் காலில் எல்லா விரலும் ஒழுங்காக இருந்தன. அதற்கு நான் எந்தத் தீங்கும் செய்ததில்லை.

அப்போதுதான் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த முகமூடிச் சோதனையைப் பற்றிப் படித்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் 2006-ல் குகை மனிதன் முகமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வளாகத்தில் 7 காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, விட்டுவிட்டார். அவ்வளவுதான் செய்தது. அதற்குப் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்து திட்டின. முகமூடியைத் தலைகீழாகப் போட்டாலும் விடவில்லை. எந்தக் கெடுதலும் செய்யாத இன்னொரு முகமூடியோடு போனவரைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த நல்ல முகமூடி அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் சேனியுடையது. சில ஆண்டுகள் கழித்து ஒரு நடையில் எதிர்ப்பட்ட 53 காக்கைகளில் 47 திட்டியிருக்கின்றன. பிடிபட்டவை வெறும் 7. மற்றவை பார்த்துக் கற்றவை, பெற்றோரிடம் கற்ற குஞ்சுகள், அக்கம்பக்கத்தில் கேட்டுச் சேர்ந்தவை. அந்த முகமூடிக்கு ஒரு திட்டுகூட விழாமல் போன நாள் 2023-ல்தான் வந்தது. 17 ஆண்டுகள்.

17 என்ற எண்ணைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நம்பிக்கை தந்தது அதே குழுவின் இன்னொரு வேலை. 2012-ல் வெளியானது. ஒரு முகமூடிக்காரர் காக்கைகளைப் பிடிக்கிறார். வேறு முகமூடி போட்டவர்கள் நான்கு வாரம் உணவு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த முகங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, பிடித்தவரின் முகத்துக்குப் பயத்தோடு தொடர்புள்ள பகுதிகள் விழித்தன, ஊட்டியவரின் முகத்துக்கு வேறு பகுதிகள். நான் மட்டும் இரண்டு முகமும் ஒன்றாக இருக்கிற ஆள். குகை மனிதன் ஒரு நாளும் கடலை வைக்கவில்லை. நான் ஏழு மாதம் வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கு எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நம்பினேன்.

முதல் நாளிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா கடலை வைப்பார், நான் சாத்திய கதவுக்குப் பின்னால். அடுத்த வாரம் கதவைத் திறந்து, அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். திட்டு விழுந்தது, ஆனால் முன்னைவிடக் குறைவு. மூன்றாவது வாரம் அம்மா வைக்க, நான் முக்காலியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. இரண்டு கடலையை எடுத்துக்கொண்டு போனது. ஐந்தாவது வாரத்தின் கடைசியில் நான் தட்டினேன், நான் வைத்தேன். அது வந்து உட்கார்ந்து நீண்ட நேரம் பார்த்தது. பிறகு ஒரு கடலையை எடுத்து, வைத்து, இன்னொன்றை எடுத்தது. எடை பார்க்கத் தொடங்கிவிட்டதே என்று நினைத்தேன். பயந்த காக்கை எடை பார்க்காது.

ஆறடி வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு கேட்கத் தொடங்கியதுதான் அந்தச் சின்னச் சத்தம். தூரத்துக்குக் கூப்பிடும் குரல் இல்லை. தொண்டைக்குள்ளேயே உருள்கிற, கூழாங்கற்களைக் கையில் உரசினாற்போன்ற மெல்லிய ஓசை. தன் ஜோடியோடு உட்கார்ந்திருக்கும்போது போடுவதைக் கேட்டிருக்கிறேன். 2024-ல் ஜெர்மனியில் 3 காக்கைகளை ஒன்றிலிருந்து நான்கு வரை எண்ணிக் கரையப் பழக்கியிருக்கிறார்கள். எத்தனை முறை கரையப் போகிறது என்பது முதல் குரலின் ஒலியிலேயே தெரிந்ததாம். கரைவதற்கு முன்பே திட்டம் போடுகிறது. அதைப் படித்ததிலிருந்து காலையில் கூரைமேல் கேட்கும் குரலைச் சும்மா கேட்க முடிவதில்லை.

பரிசு கொண்டுவந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கடலை வைக்கும் இடத்தில் ஒரு நீல மூடி கிடந்தது, இன்னொரு நாள் துருப்பிடித்த ஒரு வளையம். அதைப் பரிசு என்று நான் சொல்லமாட்டேன். வாயில் எதையோ வைத்துக்கொண்டு வருகிற பறவை, கடலையைப் பார்த்தால் அதைக் கீழே போட்டுவிட்டுத்தானே எடுக்க முடியும். ஆனாலும் இரண்டையும் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பழக நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. உப்புப் போட்ட கடலை வேண்டாம். வேகவைத்த முட்டை கொடுக்கலாம், தண்ணீர் அவசியம் வேண்டும். கொஞ்சமாக வையுங்கள், நிறைய வைத்தால் நட்பு வராது, கூட்டம்தான் வரும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். தொட ஆசைப்படாதீர்கள். குஞ்சை எடுத்து வளர்க்கலாம் என்று மட்டும் நினைக்கவே வேண்டாம். மனிதரிடம் வளர்ந்த காக்கைக்கு எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. என் காக்கை இன்றுவரை என் கையிலிருந்து எதையும் வாங்கியதில்லை. ஒரு கை தூரத்தில் நிற்கிறது. அந்த இடைவெளியை வைத்தது அது. அதை நான் மீறப் போவதில்லை.

குஞ்சு வளர்ந்துவிட்டது. வாலும் நீண்டுவிட்டது, வாய்க்குள் சிவப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சென்ற மாதம் முதல்முறையாகப் பெரியதோடு சுவருக்கு வந்தது. பெரியது எடுக்கும்வரை சின்னது அசையவில்லை. என் கடலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, பெரியதையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியது ஒன்றை எடுத்து, வைத்து, மற்றொன்றை எடுத்துக்கொண்டு, கொஞ்சமும் பதறாமல் அங்கேயே நின்று உடைத்தது. அதன் பிறகுதான் சின்னது தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால், என் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

மரத்தில் மறுபடியும் குச்சி சேர்க்கும் வேலை ஆரம்பமாகிவிட்டது. கொடியில் ஒரு கம்பி ஹேங்கரைக் காலியாகவே விட்டிருக்கிறேன். முந்தாநாள் இருந்தது. நேற்று கொக்கி பாதி தூக்கினாற்போல் சாய்ந்திருந்தது. இன்று காலை துணி காயப்போடப் போனபோது கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.